ஃப்ளோ கம்ப்யூட்டரில் டிபி இன்புட்டை அமைப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழாயில் ஓடும் வாயுவையோ திரவத்தையோ ஆரிஃபிஸ் பிளேட் (நடுவில் துளையுள்ள தகடு) வைத்து அளக்கும் இடத்தில், எல்லாக் கணக்குக்கும் அடிப்படை ஒரே ஓர் எண்தான்: பிளேட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வேறுபாடு. வேலை செய்யும் இடத்தில் யாரும் அதை முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. டிபி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த டிபியிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் கருவிதான் ஃப்ளோ கம்ப்யூட்டர். அதற்குக் குழாய் தெரியாது, பிளேட் தெரியாது. இரண்டு கம்பியில் வரும் மின்னோட்டமும் நீங்கள் திரையில் தட்டிய எண்களும்தான் அதற்குத் தெரியும். அந்த எண்களில் ஒன்று தப்பாக இருந்தாலும் அது முகம் சுளிக்காமல் ஐந்து தசம இடம் வரை கணக்குப் போட்டுக் காட்டும். அதனால் இந்த வேலை முழுவதும் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வோர் அடியிலும் விடை தெரிந்த ஓர் எண்ணை உள்ளே கொடுங்கள், வர வேண்டிய எண் வெளியே வருகிறதா என்று பாருங்கள், வந்த பிறகே அடுத்த அடிக்குப் போங்கள்.

கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். டிபியை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவி டிரான்ஸ்மிட்டர். அதன் ரேஞ்ச், அதாவது அளக்கும் எல்லை, 0 முதல் 250 மில்லிபார், வெளியே வருவது 4 முதல் 20 மில்லிஆம்ப். கடைசி வரை இதே டிரான்ஸ்மிட்டர்தான்.

முதலில் வர்க்கமூலம்

ஆரிஃபிஸில் ஓட்டம், டிபியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஆரிஃபிஸ் அளவீட்டுத் தரநிலைகளான ஐஎஸ்ஓ 5167, ஏஜிஏ 3 எதுவானாலும் சமன்பாட்டின் நடுவில் இந்த வர்க்கமூலம் உட்கார்ந்திருக்கும். டிபி 100 சதவீதம் என்றால் ஓட்டமும் 100. டிபி 25 சதவீதத்துக்கு இறங்கினால் ஓட்டம் 50தான் ஆகிறது. டிபி வெறும் 1 சதவீதம் இருக்கும்போதும் ஓட்டம் 10 சதவீதம் இருக்கும்.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. டிபியை அளப்பதில் 1 சதவீதம் பிழை வந்தால் ஓட்டத்தில் அரை சதவீதம்தான் வரும். அது நல்ல பக்கம். ஆனால் டிரான்ஸ்மிட்டரின் பிழை பெரும்பாலும் முழு ரேஞ்சின் சதவீதமாகச் சொல்லப்படுவது. ரேஞ்சில் 0.1 சதவீதம் பிழை என்றால், டிபி 10 சதவீதத்தில் நிற்கும்போது அது வாசிப்பில் 1 சதவீதப் பிழை. டிபி 1 சதவீதத்தில் நின்றால் அதே பிழை வாசிப்பில் 10 சதவீதம், ஓட்டத்தில் 5 சதவீதம். கீழ்ப்பகுதியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். கீழே சொல்லப்போகிற பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

திரையைத் தொடுவதற்கு முன்

மூன்று தாள்களை மேசையில் வையுங்கள்: ஆரிஃபிஸ் கணக்குத்தாள், டிரான்ஸ்மிட்டரின் கேலிப்ரேஷன் சான்றிதழ், ஃப்ளோ கம்ப்யூட்டரின் தற்போதைய செட்டிங் பிரிண்ட். மூன்றிலும் டிபியின் மேல் எல்லை ஒரே எண்ணாக, ஒரே அலகில் இருக்கிறதா? பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம்தான், ஆனாலும் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. யாரோ ஒருவர் ஓட்டம் கூடிவிட்டது என்று டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்சை 250இலிருந்து 300க்கு மாற்றியிருப்பார். ஃப்ளோ கம்ப்யூட்டரில் 250 அப்படியே நிற்கும். 20 மில்லிஆம்ப் வந்தால் உண்மையில் 300 மில்லிபார், திரையில் 250. ஓட்டம் 8.7 சதவீதம் குறைவாகக் கணக்காகும். அதுவும் எல்லா ஓட்டத்திலும் ஒரே விகிதத்தில் குறைவதால், வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

டிரான்ஸ்மிட்டரில் உண்மையில் என்ன ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை ஹார்ட் கம்யூனிகேட்டரை (டிரான்ஸ்மிட்டரோடு அதே கம்பி வழியாக ஹார்ட் சிக்னலில் பேசும் கைக்கருவி) மாட்டி நீங்களே படியுங்கள். பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது அந்த சென்சாரால் அளக்க முடிந்த அதிகபட்ச எல்லை. இப்போது ஏற்றி வைத்திருக்கும் ரேஞ்ச் வேறாக இருக்கலாம். புதியவர்கள் பலர் பலகையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

கம்பியும் மின்சாரமும்

இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே லூப்பிலிருந்துதான் (மின்னோட்டம் சுற்றி வரும் கம்பிச் சுற்று) எடுத்துக்கொள்கிறது. அந்த 24 வோல்ட்டைக் கொடுப்பது ஃப்ளோ கம்ப்யூட்டரா, தனி பவர் சப்ளையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து கொடுத்தாலும் தப்பு, இரண்டும் கொடுக்காவிட்டாலும் தப்பு.

அடுத்து வோல்ட் கணக்கு. இன்புட்டில் 250 ஓம் மின்தடை இருந்தால் 4 முதல் 20 மில்லிஆம்ப் என்பது 1 முதல் 5 வோல்ட் ஆகிறது. ஹார்ட் சிக்னல் கேட்பதற்கும் லூப்பில் ஏறத்தாழ இவ்வளவு தடை வேண்டும். 22 மில்லிஆம்ப் ஓடும்போது இந்தத் தடையில் 5.5 வோல்ட் போய்விடும். நடுவில் 300 ஓம் பாதுகாப்பு பேரியர் (வெடி அபாயமுள்ள இடத்துக்குப் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்தும் கருவி) ஒன்று இருந்தால் அதில் இன்னொரு 6.6 வோல்ட். 24இல் மிச்சம் 11.9தான். நீளமான கேபிளின் தடையும் சேர்ந்தால், 10.5 வோல்ட்டாவது வேண்டும் என்று கேட்கும் டிரான்ஸ்மிட்டருக்கு அது எட்டாமல் போகலாம். அப்படி ஆனால் கீழ்ப்பகுதி முழுவதும் அழகாக வேலை செய்யும், மேலே போகும்போது 18 அல்லது 19 மில்லிஆம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் அது வெளியே தெரியும்.

கேலிப்ரேட்டரிலிருந்து (தெரிந்த அளவு மின்னோட்டம் கொடுக்கும் சோதனைக் கருவி) மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பதால் இது பிடிபடாது. அப்போது லூப்பில் டிரான்ஸ்மிட்டரே இருப்பதில்லையே. ஹார்ட் கம்யூனிகேட்டரில் உள்ள லூப் டெஸ்ட்டைத் திறந்து டிரான்ஸ்மிட்டரையே 20 மில்லிஆம்ப் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் 22 அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ளோ கம்ப்யூட்டரில் அது வந்து சேர்ந்தால் மின்சாரப் பக்கம் சரி.

இன்புட் வகையும் ரேஞ்சும்

இப்போது திரைக்கு வரலாம். அனலாக் இன்புட் பக்கத்தில் பெரும்பாலும் இவைதான் கேட்கப்படும்: எந்தச் சேனல், எந்த வகை, கீழ் எல்லை, மேல் எல்லை, அலகு. நம் எடுத்துக்காட்டில் வகை 4 முதல் 20 மில்லிஆம்ப், கீழ் எல்லை 0, மேல் எல்லை 250, அலகு மில்லிபார்.

வகையில்தான் வழுக்கும். சில கருவிகளில் தொடக்கத்திலேயே 0 முதல் 20 மில்லிஆம்ப் என்று ஏற்றப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் 20 மில்லிஆம்பில் 250 என்று மிகச் சரியாகவே காட்டும். அங்கே மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் ஏமாந்துபோவீர்கள். 12 மில்லிஆம்பில் 125 வர வேண்டிய இடத்தில் 150 வரும். 4 மில்லிஆம்பில், அதாவது ஓட்டமே இல்லாதபோது, 50 மில்லிபார் காட்டும். வர்க்கமூலம் எடுத்தால் அது 44.7 சதவீத ஓட்டம்! வால்வு மூடியிருக்கும் குழாயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வாயு ஓடுவதாகக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

அதனால் ஐந்து புள்ளிகளில் சோதியுங்கள். கேலிப்ரேட்டரில் 4, 8, 12, 16, 20 என்று செலுத்தினால் திரையில் 0, 62.5, 125, 187.5, 250 வர வேண்டும். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. எண் கொஞ்சம் விலகியிருந்தால், எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு விலகுகிறதா, மேலே போகப்போகக் கூடுகிறதா என்று கவனியுங்கள். முதலாவது என்றால் பூச்சியத்தில் நகர்வு, இரண்டாவது என்றால் ஸ்பானில் (ரேஞ்சின் மொத்த அகலத்தில்) பிழை. இன்புட் கார்டின் கேலிப்ரேஷன் பக்கத்தில் அதைத் திருத்தலாம். அங்கே திருத்துவதற்கு முன் கேலிப்ரேட்டரின் சான்றிதழ் தேதியைப் பார்த்துவிடுங்கள். கேலிப்ரேட்டர் காலாவதியாகியிருந்தால் சரியாக இருக்கும் கார்டைக் கெடுத்துவிடுவோம்.

வர்க்கமூலத்தை யார் எடுப்பது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

டிரான்ஸ்மிட்டரிலும் வர்க்கமூலம் எடுக்கும் வசதி உண்டு, ஃப்ளோ கம்ப்யூட்டரும் எடுக்கும். எடுப்பது ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஃப்ளோ கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் அது ஃப்ளோ கம்ப்யூட்டரின் வேலை. ஏனென்றால் விரிவாக்கக் காரணியை (பிளேட்டைக் கடக்கும்போது வாயு விரிவதற்கான திருத்தம்) கணக்கிட அதற்கு உண்மையான டிபி வேண்டும். டிரான்ஸ்மிட்டர் நேர்கோட்டில், அதாவது லீனியரில், இருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாயு மீட்டரின் கணக்கு மாதக் கடைசியில் பொருந்தாமல் நாங்கள் தவித்தோம். பகலில் முழுச் சுமையில் ஓடும்போது குழாயில் எங்களுக்கு முன்னால் இருக்கும் மீட்டரும் எங்கள் மீட்டரும் ஒட்டிப்போகும். இரவில் சுமை குறைந்ததும் எங்களுடையது வானத்துக்கு ஏறும். பிளேட்டைக் கழற்றி அளந்தோம், வெப்பநிலை சென்சாரை மாற்றினோம், மூன்று நாள் போனது. நான்காம் நாள் எங்கள் மூத்த டெக்னீஷியன் வந்து, ஹார்ட் கம்யூனிகேட்டரை மாட்டி, மெனுவில் நாலைந்து படி உள்ளே போய், திரையை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இதைப் படி" என்றார். அவுட்புட் வகை என்ற வரிக்கு எதிரே ஸ்கொயர் ரூட் என்று இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபி 100 சதவீதத்தில் 100இன் மூலமும் 100தான், ஆகவே இரண்டு முறை எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. டிபி 25 சதவீதத்தில் டிரான்ஸ்மிட்டர் ஏற்கெனவே மூலம் எடுத்து 50 என்று அனுப்புகிறது. ஃப்ளோ கம்ப்யூட்டர் அதை டிபி என்று நம்பி மறுபடி மூலம் எடுத்தால் 70.7 சதவீதம். உண்மையான ஓட்டம் 50. ஓட்டம் 25 சதவீதத்துக்கு இறங்கும்போது திரையில் 50 நிற்கும், சரியாக இரண்டு மடங்கு. எங்கள் இரவுக் கணக்கு ஏறியதற்குக் காரணம் இதுதான். மேலே பொருந்தி, கீழே போகப்போகக் கூடிக்கொண்டே போகும் வேறுபாட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

இதைச் சோதிக்க மின்னோட்டம் செலுத்துவது போதாது. டிரான்ஸ்மிட்டருக்கு உண்மையான அழுத்தம் கொடுக்க வேண்டும். கைப்பம்பில் 62.5 மில்லிபார் கொடுங்கள். திரையில் டிபி 62.5 வந்தால் டிரான்ஸ்மிட்டர் லீனியர். 125 வந்தால் அங்கே மூலம் எடுக்கப்படுகிறது.

அலகு

மில்லிபாரோ கிலோபாஸ்கலோ பயன்படுத்தினால் இங்கே அதிகம் பயமில்லை. 10 மில்லிபார் ஒரு கிலோபாஸ்கல், அவ்வளவுதான். அங்குல நீர் என்ற அலகு வந்தால் நின்று பாருங்கள். நீரின் அடர்த்தி வெப்பநிலைக்கு ஏற்ப மாறுவதால் அந்த அலகில் பல வகை உண்டு. 4 டிகிரி செல்சியஸில் ஓர் அங்குல நீர் 249.09 பாஸ்கல். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 248.84. 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 248.64. டிரான்ஸ்மிட்டரில் ஒரு வகையும் ஃப்ளோ கம்ப்யூட்டரில் இன்னொரு வகையும் இருந்தால் டிபியில் 0.18 சதவீதம் வரை, ஓட்டத்தில் 0.09 சதவீதம் வரை வேறுபாடு வரும். சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இது தினமும் ஒரே பக்கம் சாயும் பிழை. எத்தனை மாதம் ஓடினாலும் தானாகச் சமமாகாது.

டிபியை ஹார்ட் வழியாக எண்ணாகவே படிக்கிறீர்கள் என்றால் மில்லிஆம்ப் மாற்றத்தில் வரும் பிழைகள் இல்லாமல் போகும். ஆனால் இரண்டு விஷயம். டிரான்ஸ்மிட்டரில் யாராவது அலகை மாற்றினால் ஃப்ளோ கம்ப்யூட்டர் அதைத் தானே புரிந்துகொள்கிறதா என்று ஒருமுறை மாற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அடுத்தது, ஒரே லூப்பில் பல டிரான்ஸ்மிட்டர்களைச் சேர்த்து இணைத்திருந்தால் மின்னோட்டம் வழக்கமாக 4 மில்லிஆம்பிலேயே நிலைத்து நிற்கும். ஹார்ட் அறுந்தால் அனலாக்குக்கு மாறிக்கொள் என்று அங்கே செட்டிங் போட்டால், அது பூச்சியத்துக்கு மாறிக்கொள்ளும்.

பழுது எல்லைகள்

கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0. நம் ரேஞ்சில் அது கணக்குப்படி மைனஸ் 62.5 மில்லிபார். திரையில் எப்போதாவது இந்த எண்ணைப் பார்த்தால் டிரான்ஸ்மிட்டரைத் திட்டாதீர்கள், கம்பியைத் தேடுங்கள்.

தொழிற்சாலைக் கருவிகளுக்கான நாமூர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப் வரை அளவீடு. 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ போனால் பழுது. ஃப்ளோ கம்ப்யூட்டரின் பழுது எல்லைகளை இதை ஒட்டி வைப்பது வழக்கம். ஆனால் எல்லா டிரான்ஸ்மிட்டரும் இதைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிலவற்றில் தயாரிப்பாளரின் சொந்த அளவு ஏற்றப்பட்டிருக்கும்: பழுதானால் 3.75 மில்லிஆம்புக்கு இறங்கி நிற்கும். ஃப்ளோ கம்ப்யூட்டர் 3.6க்குக் கீழே வந்தால்தான் பழுது என்று காத்திருக்கும். டிரான்ஸ்மிட்டர் தன்னால் முடியவில்லை என்று கையைத் தூக்கிவிட்டது, ஃப்ளோ கம்ப்யூட்டரோ ஓட்டம் பூச்சியம் என்று எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த எண்களை ஒப்பிடுங்கள்.

பழுது என்று தெரிந்த பிறகு எந்த மதிப்பை எடுத்துக்கொள்வது? கடைசியாக வந்த நல்ல மதிப்பு, முன்கூட்டியே தட்டி வைத்த நிலையான மதிப்பு, அல்லது பூச்சியம் என்று தேர்வு இருக்கும். விற்பனைக் கணக்கு எடுக்கும் மீட்டர் என்றால் இது உங்கள் முடிவு அல்ல. வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்டதைத்தான் போட வேண்டும். உள் கணக்கு என்றால், கடைசி நல்ல மதிப்பை நான் விரும்புவேன், கூடவே தவறாமல் ஓர் அலாரமும்.

மைனஸ் மதிப்பைப் பூச்சியமாகக் காட்டும் வசதி சில கருவிகளில் உண்டு. ஓட்டக் கணக்குக்கு அது சரி. ஆனால் இன்புட் பக்கத்தில் மைனஸ் தெரியட்டும். அது மறைந்தால், டிரான்ஸ்மிட்டரின் பூச்சியம் மெல்லக் கீழே நகர்வதும் உயர் அழுத்தக் குழாயும் தாழ் அழுத்தக் குழாயும் இடம் மாறி இணைக்கப்பட்டதும் சேர்ந்து மறைந்துவிடும்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர் இருந்தால்

ஓட்டம் பெரிதாக ஏறி இறங்கும் இடத்தில் ஒரே டிபிக்கு இரண்டு, சில சமயம் மூன்று டிரான்ஸ்மிட்டர்களை வைப்பார்கள். ஒன்று 0 முதல் 50 மில்லிபார், இன்னொன்று 0 முதல் 500 என்று வைத்துக்கொள்வோம். ஏன் இந்தச் செலவு? இரண்டுக்கும் ரேஞ்சில் 0.1 சதவீதம் பிழை. டிபி 20 மில்லிபாராக இருக்கும்போது பெரிய டிரான்ஸ்மிட்டரின் பிழை அரை மில்லிபார், அதாவது வாசிப்பில் 2.5 சதவீதம். சின்னதன் பிழை 0.05 மில்லிபார், வாசிப்பில் கால் சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்.

எப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சின்னது தன் ரேஞ்சில் 95 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 47.5 மில்லிபாரில், பெரியதுக்கு மாறு. 90 சதவீதத்துக்கு, அதாவது 45க்கு, இறங்கினால் திரும்பி வா. இந்த இடைவெளி அவசியம். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால், ஓட்டம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் நாளில் கருவி நொடிக்கொரு முறை இங்கும் அங்கும் தாவும்.

இன்னும் நுணுக்கமான ஓர் இடம். டிபி 300 மில்லிபாரில் ஓடும்போது சின்ன டிரான்ஸ்மிட்டர் 20.5 மில்லிஆம்பில் முட்டி நிற்பது இயல்பு. அதற்கு அலாரம் அடித்தால் ஆபரேட்டர் இரண்டே நாளில் எல்லா அலாரத்தையும் பார்க்காமல் அமுக்கப் பழகிவிடுவார். 21க்கு மேலே போனால்தான் பழுது என்று வையுங்கள். அதோடு, பெரியது பழுதாகும்போது என்ன நடக்கும் என்று கட்டாயம் சோதியுங்கள். டிபி 50க்குள் இருந்தால் சின்னதுக்கு மாறுவது சரி. 50க்கு மேல் இருக்கும்போது முட்டி நிற்கும் சின்னதை எடுத்துக்கொண்டால் 300 மில்லிபார் ஓட்டம் 50 மில்லிபார் ஓட்டமாகப் பதிவாகும். அங்கே மேலே சொன்ன மாற்று மதிப்புக்குத்தான் போக வேண்டும்.

இரண்டும் ஒரே நேரத்தில் படிக்க முடிந்த பகுதியில், அதாவது 50க்குக் கீழே, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு கூடினால் எச்சரிக்கும் அலாரத்தையும் போடுங்கள். வேறு எந்த அலாரமும் இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லாது.

டேம்பிங்கும் கட் ஆஃபும்

துடிக்கும் டிபியைப் பார்த்தால் டேம்பிங்கை (மாற்றத்தை மெதுவாக்கும் செட்டிங்) ஏற்றி அமைதிப்படுத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டிபி 36க்கும் 100க்கும் மாறி மாறித் துடிக்கிறது என்று வைப்போம். வர்க்கமூலங்கள் 6, 10. சராசரி 8, அதுதான் உண்மையான ஓட்டம். டேம்பிங் முதலில் டிபியைச் சராசரியாக்கினால் 68, அதன் வர்க்கமூலம் 8.25. ஓட்டம் 3 சதவீதம் கூடிவிட்டது. சராசரியின் மூலம், மூலங்களின் சராசரியைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். அதனால் டிரான்ஸ்மிட்டரில் டேம்பிங்கைக் குறைவாக வைத்து, எண் நிலையாகத் தெரிய வேண்டுமென்றால் மூலம் எடுத்த பிறகு காட்சிக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள். மின்னணு வாயு அளவீட்டுக்கான ஏபிஐ 21.1 தரநிலை டிபியை நொடிக்கு ஒரு முறையாவது படிக்கச் சொல்வதற்கும் பின்னால் இருப்பது இதே கவலைதான்.

கட் ஆஃப் என்பது, டிபி இதற்குக் கீழே இருந்தால் ஓட்டம் பூச்சியம் என்று கொள் என்ற எல்லை. நம் டிரான்ஸ்மிட்டரில் 0.1 மில்லிபார் சலனம் இருந்தால் அது டிபியில் 0.04 சதவீதம்தான், ஆனால் ஓட்டத்தில் 2 சதவீதம். மூடிய குழாயில் இது இரவெல்லாம் சேர்ந்தால் நல்ல தொகை ஆகிவிடும். ஓட்டமே இல்லாத நிலையில் டிபி எவ்வளவு ஆடுகிறது என்று அரை மணி நேரம் பாருங்கள். அதற்குச் சற்று மேலே எல்லையை வையுங்கள். பக்கத்து மீட்டரின் எண்ணைப் பார்த்து எழுத வேண்டாம்.

கூட வரும் அழுத்த இன்புட்

டிபி சரியாக இருந்தும் வாயுக் கணக்கு தப்புகிறது என்றால் அழுத்த இன்புட்டைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் கேஜ் அழுத்தம் (காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளது மட்டும்) அனுப்ப, ஃப்ளோ கம்ப்யூட்டர் அதை முழு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால், 10 பார் கேஜில் ஓட்டம் சுமார் 4.7 சதவீதம் குறையும். அழுத்தம் எடுக்கும் துளை பிளேட்டுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்ற தேர்வும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

குழாயின் அழுத்தத்தில் பூச்சியம்

வெளியே காற்றழுத்தத்தில் சரியாக இருந்த பூச்சியம், குழாயின் அழுத்தம் இரண்டு பக்கமும் ஏறியதும் கொஞ்சம் நகரலாம். அதனால் கடைசிச் சோதனை மேனிஃபோல்டில் (குழாய்க்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே உள்ள வால்வுத் தொகுதி) நடக்க வேண்டும். முதலில் ஃப்ளோ கம்ப்யூட்டரில் டிபியைக் கைமதிப்புக்கு (நீங்களே தட்டும் நிலையான எண்ணுக்கு) மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோதனையும் கணக்கில் ஏறும். அப்புறம், மூன்று வால்வு மேனிஃபோல்டு என்றால், தாழ் அழுத்தப் பக்க வால்வை மூடுங்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறவுங்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், டிபி பூச்சியம். எண் நிலைத்ததும் குறித்துக்கொண்டு, தேவைப்பட்டால் டிரான்ஸ்மிட்டரில் பூச்சியத்தைத் திருத்துங்கள். திரும்பும்போது ஈக்வலைசிங் வால்வை மூடிவிட்டு, அதற்குப் பிறகே தாழ் பக்க வால்வைத் திறக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. நீராவி மீட்டரில் அப்படித் திறந்தால் குழாயிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் இம்பல்ஸ் லைனில் நிற்கும் நீர் ஓடிப்போய், சூடான ஆவி நேராக சென்சாருக்கு வந்துவிடும்.

இந்தச் சோதனையில் பிடிபடாத ஒரு பழுது உண்டு. ஈக்வலைசிங் வால்வு முழுதாக மூடாமல் கசிந்தால் பூச்சியம் அருமையாக வரும், ஓட்டத்தின்போது டிபி மட்டும் குறைவாகவே காட்டும். எந்த செட்டிங்கைத் திருப்பினாலும் அது சரியாகாது. ஐந்து வால்வு மேனிஃபோல்டில் இரண்டு ஈக்வலைசிங் வால்வுகளுக்கு நடுவே ஒரு வென்ட் இருக்கும். ஓட்டத்தின்போது, அபாயமில்லாத திரவம் அல்லது வாயு என்றால், உரிய அனுமதியோடு அந்த வென்டைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஆரிஃபிஸ் கணக்குத்தாளை மறுபடி எடுங்கள். அதில் கொடுத்திருக்கும் வடிவமைப்பு அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கைமதிப்பாகப் போட்டு, டிபியை 250 ஆக்குங்கள். தாளில் உள்ள முழு ஓட்டம் திரையில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 62.5 ஆக்குங்கள். திரவத்தில் சரியாகப் பாதிக்கு மிக அருகில் வரும், வாயுவில் விரிவாக்கக் காரணி மாறுவதால் சற்று விலகும். முழு ஓட்டமே பெரிதாக விலகினால் துளையின் விட்டத்தையோ குழாயின் விட்டத்தையோ தப்பாகத் தட்டியிருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் மூன்று கைமதிப்புகளையும் நேரடி இன்புட்டுக்குத் திருப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் நேரடி மதிப்பு ஒரு வரியிலும் கணக்கில் பயன்படும் மதிப்பு இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக அசைகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அப்புறம் செட்டிங்கைப் பிரிண்ட் எடுத்து, மேனிஃபோல்டில் கிடைத்த பூச்சிய மதிப்பை அதன் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அங்கே வருபவர் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.